தேடல் பெட்டிக்குள் அடங்காத ஊர்ப்பெயர்கள்

போனில் ஏதாவது ஒரு அப்பைத் திறந்து, மேலே இருக்கிற தேடல் பெட்டியில் 'ஹட்டன்' என்று தமிழில் அடித்துப் பாருங்கள். சில அப்களில் எல்லாம் சரியாக வரும். சிலதில் ட் மேல இருக்கிற புள்ளியும் ன் மேல இருக்கிற புள்ளியும் பெட்டியின் மேல்விளிம்பில் வெட்டுப்பட்டு, 'ஹடடன' என்று நிற்கும். 'நுவரெலியா' என்று அடித்தால் நு-வின் வால் கீழே காணாமல் போகும். பெட்டிக்குள் மங்கலாகத் தெரிகிற வழிகாட்டி வரி, 'இடத்தின் பெயரைத்…' என்று பாதியிலேயே நின்றுவிடும். எல்லாம் ஒழுங்காகத் தெரிந்தாலும், தேடினால் 'முடிவுகள் இல்லை' என்று வரும். ஊர் இருக்கு, ரோடு இருக்கு, பஸ் ஓடுது. ஆனா அப்பைக் கேட்டா அப்படி ஒரு ஊரே இல்லை.

இது சின்ன விஷயம்தானே, இங்கிலீஷ்ல அடிச்சா வந்துட்டுப் போகுது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நாமும் அப்படித்தான் பழகியிருக்கிறோம். ஆனால் இந்தச் சின்னப் பெட்டிக்குப் பின்னால் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கதை இருக்கிறது. வேறொரு மொழிக்காக அளந்து செய்த இடத்தில் நம்முடைய எழுத்தை எப்படி வைப்பது என்கிற கதை அது.

முதலில் தட்டச்சு

இந்தப் பிரச்சினை போனோடு தொடங்கவில்லை. தட்டச்சு இயந்திரம் வந்த காலத்திலேயே இருந்தது. ஆங்கிலத்துக்குச் செய்த இயந்திரத்தில் ஒரு விசையை அழுத்தினால் ஒரு எழுத்து விழும், தாள் ஒரு இடம் நகரும். தமிழ் அப்படி வரிசையில் மட்டும் நடக்கிற எழுத்து இல்லை. புள்ளியும் மேல்விலங்கும் எழுத்தின் தலைமேல் உட்காரும். உகரக் குறி காலுக்குக் கீழே இறங்கும். கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் வரும். 247 எழுத்துக்கும் தனித்தனி விசை வைக்க எந்த இயந்திரத்திலும் இடமில்லை.

இதற்கு வழி கண்டவர்களில் முன்னோடி, யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயா, சிங்கப்பூர் பக்கம் பிழைக்கப் போன இரா. முத்தையா. அவர் கண்ட முக்கியமான உபாயம் 'நகரா விசை'. அதை அழுத்தினால் குறி மட்டும் விழும், தாள் நகராது. அடுத்த எழுத்து அதே இடத்தில் வந்து சேர்ந்துகொள்ளும். எழுத்தை வெட்டாமல், இயந்திரத்தின் நடையைத் தமிழுக்கு மாற்றினார். இன்றைக்கு ஒரு அப் டெவலப்பர் செய்ய வேண்டியதும் இதே வேலைதான்.

மறுபக்கம் எழுத்தையே மாற்றிய கதையும் உண்டு. பழைய அச்சில் லை, ணை, னை, ளை ஆகிய எழுத்துகளுக்கு யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு கொம்பு இருந்தது. பெரியார் 1935-இல் 'குடி அரசு' பத்திரிகையில் சீர்திருத்த எழுத்தைப் பயன்படுத்தத் தொடங்கினார். 1978-இல் தமிழ்நாட்டு அரசு அதை ஆணையாக்கியது. பிறகு மெதுவாக நம் பக்கமும் வந்தது. நம்முடைய ஊர்ப்பெயர்களை நினைத்துப் பாருங்கள்: தலவாக்கலை, கொட்டகலை, லிந்துலை, இராகலை, அக்கரப்பத்தனை. முக்கால்வாசி ஐகாரத்தில்தான் முடிகிறது. பழைய புத்தகங்களில் இந்த ஊர்களெல்லாம் தும்பிக்கையோடு நின்றவை.

பாமினி காலம்

கணினி வந்த பிறகு இலங்கையில் பெரும்பாலும் ஆட்சி செய்தது 'பாமினி' எழுத்துரு. கொமினிகேசன் கடையிலிருந்து சங்க அலுவலகம் வரைக்கும், கோயில் திருவிழா நோட்டீஸிலிருந்து கவிதைத் தொகுப்பு வரைக்கும் பாமினிதான். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் கணினியைப் பொறுத்தவரை அது தமிழே இல்லை. 'அம்மா' என்று நாம் படிப்பது, உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில விசைகளாகத்தான் பதிவாகியிருக்கும். எழுத்துருவைக் கழற்றிவிட்டால் வெறும் ஆங்கிலக் கிறுக்கல்.

இதனால் தேடுவது நடக்காத காரியமானது. பாமினியில் அடித்த ஆயிரம் பக்கம் கணினியில் கிடந்தாலும், 'கொழுந்து' என்று தேடினால் ஒன்றும் வராது. நமது பெற்றோர் தலைமுறை அடித்து வைத்த சங்க அறிக்கைகள், மலர்கள், துண்டுப்பிரசுரங்கள் எத்தனையோ இப்படி ஊமையாகக் கிடக்கின்றன.

யூனிகோட் 1991-இல் வெளிவந்தபோதே தமிழுக்கு அதில் இடம் இருந்தது. ஆனாலும் அது நம் கைக்கு வர வருஷக்கணக்கானது. நடுவில் 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் 'தமிழ்99' விசைப்பலகையும் வேறு குறியீட்டு முறைகளும் உருவாகின. ஒவ்வொருவரும் ஒவ்வொரு முறையில் அடித்துக்கொண்டிருந்த காலம் அது.

போனுக்குள் வந்த தமிழ்

போனில் தமிழ் எழுத வழி செய்தவர்களில் மலேசியாவின் முத்து நெடுமாறன் முக்கியமானவர். அவருடைய 'செல்லினம்' 2005 பொங்கலுக்குச் சிங்கப்பூரில் வெளியானது. ஆனாலும் ஒரு சாதாரண குறுஞ்செய்தியில் ஆங்கிலம் 160 எழுத்து போகும். தமிழ் என்றால் 70 குறிதான். அதிலும் 'ஹட்டன்' என்கிற நாலெழுத்துப் பெயருக்கு ஆறு குறி போய்விடும், புள்ளிகளும் தனிக் குறி என்பதால். ரீலோட் காசை எண்ணி எண்ணிப் பேசிய காலத்தில் தமிழில் எழுதுவது செலவு. அதனால்தான் நம்மில் பலரும் ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதப் பழகினோம்.

பிறகு ஆண்ட்ராய்டு வந்தது. ஆரம்பப் பதிப்புகளில் தமிழ் வெறும் வெள்ளைப் பெட்டிகளாகத் தெரியும். அப்போது ஒபேரா மினியில் ஒரு ரகசிய அமைப்புப் பக்கத்துக்குப் போய், சிக்கலான எழுத்துகளைப் படமாகக் காட்டச் சொல்லி மாற்றினால் தமிழ் படிக்கலாம். அண்ணாமார் அக்காமார் ஒருத்தருக்கு ஒருத்தர் சொல்லிக்கொடுத்த வித்தை அது. ஐபோனில் 2013-இல் வந்த ஐஓஎஸ் 7-இல்தான் தமிழ் விசைப்பலகை உள்ளேயே வந்தது.

தமிழ் ஒருவழியாகத் தெரியத் தொடங்கியது. அதன் பிறகுதான் பெட்டியின் அளவு பிரச்சினையானது.

அமுக்கப்பட்ட எழுத்து

ஒரு தேடல் பெட்டியை வரைகிறவர் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வரைகிறார். பெட்டியின் உயரம் இத்தனை, எழுத்து இத்தனை, மேலும் கீழும் இவ்வளவு இடைவெளி என்று கணக்காகப் பூட்டிவிடுகிறார். தமிழ் எழுத்துக்குத் தலைமேலும் காலடியிலும் கூடுதல் இடம் வேண்டும். பூட்டிய பெட்டிக்குள் அது இல்லை.

இதற்கு ஆண்ட்ராய்டு கண்ட தீர்வு என்ன தெரியுமா? பெட்டியைப் பெரிதாக்கவில்லை. எழுத்தைக் குறுக்கியது. ஆங்கிலத்துக்காகச் செய்த வடிவமைப்புகள் குலையாமல் இருக்க, உயரம் குறைத்த எழுத்துருக்களை இயல்பாக வைத்தார்கள். 2014-இல் வந்த ஆண்ட்ராய்டு 5-இல் 'எலிகன்ட் டெக்ஸ்ட் ஹைட்' என்று ஒரு அமைப்பு வந்தது. அதை இயக்கினால் எழுத்து அதன் முழு உயரத்துக்கு நிமிரும். ஆனால் அது இயல்பாக அணைந்தே இருந்தது. டெவலப்பருக்குத் தெரிந்திருந்து, அவர் மெனக்கெட்டுப் போட்டால்தான் உண்டு. 2024-இல் வந்த ஆண்ட்ராய்டு 15-க்காகச் செய்யப்படும் அப்களில்தான் அது இயல்பாகவே இயங்கும் என்று மாறியது. பயன்பெறும் எழுத்துகளின் பட்டியலில் தமிழும் இருக்கிறது. அரபு, மலையாளம், தெலுங்கு, பர்மியம், தாய் என்று உலகத்தில் எத்தனையோ பேருடைய எழுத்து நம்மோடு அந்த வரிசையில் நின்றது.

பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் பிறந்து வளர்ந்த நமக்கு இது புதுசில்லை. வீட்டை யாரோ அளந்து கட்டுவார்கள், குடும்பம் அதற்குள் சுருண்டுகொள்ள வேண்டும். நம்ம ஆட்கள் இஸ்தோப்பை அடைத்தும், தகரம் இறக்கியும் இடத்தைப் பெரிசாக்கிக்கொண்டார்கள். டெவலப்பரும் அதையேதான் செய்ய வேண்டும்: பெட்டியின் உயரத்தைப் பூட்டாமல், 'குறைந்தது இவ்வளவு' என்று மட்டும் சொல்லி, எழுத்துக்கு ஏற்ப விரிய விட வேண்டும். வரி உயரத்தைக் கூட்ட வேண்டும். போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கிற அம்மா அப்பாவின் போனில் அதைச் சோதிக்க வேண்டும், ஏனென்றால் பூட்டிய பெட்டி முதலில் வெட்டுவது அவர்களுடைய எழுத்தைத்தான்.

இங்கே இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 15 புதுப் போன்களுக்கு வரும். தோட்டங்களில் நம்மிடம் இருப்பது அக்கா பாவித்துவிட்டுத் தந்த போன், கொழும்பில் வேலை செய்கிற தம்பி மாற்றியபோது வீட்டுக்கு வந்த போன். கம்பனி திருத்தியது இந்தக் கைகளுக்கு வந்து சேர இன்னும் வருஷங்கள் ஆகும். அதுவரைக்கும் அப் செய்கிறவர்தான் கவனமாக இருக்க வேண்டும்.

தெரிந்தும் கிடைக்காத ஊர்

வெட்டுப்படாமல் தெரிந்துவிட்டால் போதுமா? மஸ்கெலியாப் பக்கத்து மலையைத் தேடுவோம். 'சிவனொளிபாதமலை'. நம் கண்ணுக்கு எட்டு எழுத்து. கணினிக்குப் பதின்மூன்று குறி. அப் ஒன்று நீளமான பெயரைக் குறி எண்ணி நறுக்கினால், 'னொ'-வுக்கு நடுவில் வெட்டி 'சிவன…' என்று நிற்கும். எழுத்தெழுத்தாக நறுக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னும் ஒரு சிக்கல், அந்த 'னொ'-வை இரண்டு விதமாக அடிக்கலாம். ஒகரக் குறியை ஒரே குறியாகப் போடலாம், அல்லது கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகப் போடலாம். பார்க்க ஒரே மாதிரி இருக்கும். உள்ளே வேறு வேறு. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டுத் தேடச் சொல்லும் விதி யூனிகோடிலேயே இருக்கிறது. அதைச் செய்யாத அப்பில் கண் முன்னாலேயே ஒரே சொல் இருந்தும் 'முடிவுகள் இல்லை' என்று வரும்.

அதே மலையை 'ஸ்ரீ பாத' என்று தேடினால் அந்த ஸ்ரீ-யே இரண்டு. பழைய முறையில் ஸ-வை வைத்து அடிக்கிறோம். 2005-இல் யூனிகோடில் 'ஶ' சேர்ந்த பிறகு அதை வைத்தும் அடிக்கலாம். 1957-இல் வாகனத் தகடுகளில் சிங்கள ஸ்ரீ எழுத்து வந்தபோது இந்த நாடே கொந்தளித்தது. அந்தச் சண்டைக்குப் பேர்போன எழுத்து இன்றைக்குத் தமிழிலேயே தன்னைத் தானே கண்டுபிடிக்க முடியாமல் நிற்கிறது.

மலையேறப் போகிறவர்கள் ஹட்டனிலிருந்து பஸ் ஏறி இறங்குகிற இடம் ஆங்கிலத்தில் டல்ஹவுசி. நமக்கு அது நல்லதண்ணி. துரைமார் ஸ்கொட்லாந்து நினைப்பில் வைத்த பெயர்கள் ஒரு பக்கம். ஹட்டனே ஸ்கொட்லாந்துக் கிராமம் ஒன்றின் பெயர்தான். மலையில் வேலை செய்த சனம் தண்ணியையும் பாறையையும் பார்த்து வைத்த பெயர்கள் இன்னொரு பக்கம். ஆபீஸ் கடதாசியில் துரை வைத்த பெயர் ஏறியது. வாயில் நம்ம பெயர் வாழ்ந்தது. தேடல் பெட்டிக்குக் கடதாசி மட்டும்தான் தெரியும்.

எழுத்துக்கூட்டலும் ஒன்றில்லை. ஹட்டன், அட்டன், ஹற்றன் மூன்றும் ஒரே ஊர்தான். மனிதர்களுக்கும் இதே கதி. 2023-இல் 'மலையகம் 200' நினைவுகூரப்பட்டபோது நம் வயதுக்காரர்கள் பலர் பழைய வரலாற்றைத் தேடத் தொடங்கினார்கள். தோட்டத் தொழிலாளருக்காகப் பத்திரிகை நடத்திய, தொழிற்சங்கம் கட்டிய கோ. நடேசய்யரைத் தேடுங்கள். 'நடேசய்யர்' என்று ஒரு பக்கம் இருக்கும், 'நடேச ஐயர்' என்று இன்னொன்று, 'நடேசையர்' என்று வேறொன்று. ஒரு எழுத்துக்கூட்டலில் தேடுகிறவருக்கு மற்ற இரண்டிலும் உள்ளது கிடைக்காது. கிடைக்காதது இல்லாததாகிவிடும்.

தோட்டத்துப் பிள்ளைகளின் பெயர்கள் பிறப்புப் பதிவில் தாறுமாறாக எழுதப்பட்டதை நாம் ஒவ்வொரு வீட்டிலும் பார்த்திருக்கிறோம். அடையாள அட்டையில் ஒரு பெயர், பாடசாலையில் ஒரு பெயர். இப்போது பதிவுகள் கணினிக்குப் போகின்றன. பெயரைத் தேடி எடுக்கும் பெட்டி ஒன்று எல்லா இடத்திலும் வரப்போகிறது. குடியுரிமைக்காக 1948-இலிருந்து 2003 வரைக்கும் கடதாசி தேடி அலைந்த சமூகம் நாம். பெட்டி நம்முடைய பெயரைக் கண்டுபிடிக்குமா என்பது நமக்கு அழகு பற்றிய கேள்வி இல்லை.

செய்யக் கூடியவை

நம்மில் இப்போது ஐடி படிக்கிறவர்கள் கூடிக்கொண்டு வருகிறார்கள். அவர்களுக்கு ஒரு சின்ன வேலை. எந்த அப் செய்தாலும், செய்து முடித்ததும் ஐந்து சொல்லை அடித்துப் பாருங்கள்: ஹட்டன், நுவரெலியா, கொட்டகலை, சிவனொளிபாதமலை, ஸ்ரீ. முதல் இரண்டும் மேலும் கீழும் வெட்டுப்படுகிறதா என்று சொல்லிவிடும். மற்ற மூன்றும் தேடல் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று சொல்லிவிடும். வழிகாட்டி வரியில் நீளமாக எழுதாமல் 'ஊர் பெயர்' என்று சுருக்கமாகப் போடுங்கள். மொழிபெயர்ப்பைக் கடைசி நாளில் ஒட்டாமல், தமிழை வைத்தே பெட்டியை வரையுங்கள். தமிழுக்குப் போதுமான பெட்டி ஆங்கிலத்துக்கு எப்போதும் போதும்.

கோட் எழுதத் தெரியாதவர்களுக்கும் வேலை இருக்கிறது. ஓபன்ஸ்ட்ரீட்மேப் மாதிரியான திறந்த வரைபடங்களில் ஒரு இடத்துக்குத் தமிழ்ப் பெயரையும், வேறு வழங்கு பெயர்களையும் நாமே சேர்க்கலாம். உங்கள் தோட்டத்துக்கு ஊர்ச்சனம் என்ன பெயர் சொல்கிறது என்று வீட்டில் பெரியவர்களிடம் கேளுங்கள். மேல் கணக்கு, கீழ் கணக்கு, பாறை, ஓடை, கோயில் என்று அவர்கள் சொல்லுகிற பெயர் எந்தக் கடதாசியிலும் இருக்காது. அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்தால்தான், நாளைக்கு யாராவது அந்தப் பெயரை அடிக்கும்போது ஒரு ஊர் கிடைக்கும்.