முதியோர் பராமரிப்புச் செலவும் குடும்பச் சொத்தும்: அமெரிக்க மெடிகெய்ட் விதிகள் குறித்த ஓர் ஆய்வு

அமெரிக்காவில் நடுத்தரக் குடும்பத்தின் வாழ்நாள் சேமிப்பை விரைவில் கரைத்துவிடும் செலவுகளுள் முக்கியமானது, தள்ளாத வயதினரை முழுநேரப் பராமரிப்பு இல்லத்தில் வைத்திருக்கும் செலவு. ஜென்வொர்த், கேர்ஸ்கவுட் நிறுவனங்களின் 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, இருவர் தங்கும் அறைக்கு ஆண்டுக் கட்டணத்தின் இடைநிலை அளவு 1,11,325 டாலர். தனி அறைக்கு 1,27,750 டாலர். இச்செலவை ஏற்கும் பொதுக் காப்பீடு அந்நாட்டில் இல்லை. கையிருப்பு தீரும்வரை குடும்பம் கட்டுகிறது. தீர்ந்தபின் அரசு கட்டுகிறது. இடையில் வீட்டையும் சேமிப்பையும் எவ்வளவு காப்பாற்றிக்கொள்ளலாம் என்பதை மெடிகெய்ட் திட்டத்தின் தகுதி விதிகள் வரையறுக்கின்றன. உண்மையில் வசதியற்றவரையும் சொத்தை மறைத்து உதவி கோருபவரையும் வேறுபடுத்தவே இவ்விதிகள் எழுதப்பட்டன. நடைமுறையிலோ அவை, முன்கூட்டியே சட்ட ஆலோசனை பெற்றவரையும் பெறாதவரையுமே வேறுபடுத்துகின்றன என்பது இக்கட்டுரையின் வாதம்.

இரு திட்டங்கள், ஓர் இடைவெளி

1965இல் அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டத்தால் மெடிகேர், மெடிகெய்ட் என்னும் இரு திட்டங்கள் உருவாயின. மெடிகேர், பெரும்பாலும் 65 வயதைக் கடந்தவர்களுக்கான மருத்துவக் காப்பீடு. வருமானமோ சொத்தோ அதற்குத் தடையல்ல. மெடிகெய்ட், வசதியற்றவர்களுக்கு ஒன்றிய அரசும் மாநிலங்களும் சேர்ந்து நடத்தும் உதவித் திட்டம்.

மெடிகேர் இருக்கும்போது கவலை எதற்கு என்று பல குடும்பங்கள் எண்ணுகின்றன. ஆனால் மெடிகேர் ஏற்பது நோய்க்கான சிகிச்சையை மட்டுமே. மருத்துவமனையில் மூன்று நாளாவது உள்நோயாளியாக இருந்தபின் பராமரிப்பு இல்லத்துக்கு மாறுபவருக்கு முதல் 20 நாட்களின் கட்டணத்தை அது முழுமையாகக் கட்டும். 21ஆம் நாளிலிருந்து 100ஆம் நாள்வரை நோயாளியும் பங்கு தர வேண்டும். 2025இல் அப்பங்கு நாளொன்றுக்கு 209.50 டாலர். அதன்பின் ஒன்றுமில்லை. குளிப்பாட்டுவது, உடுத்திவிடுவது, உணவூட்டுவது, மறதிநோய் கண்டவரை இரவும் பகலும் கவனித்துக்கொள்வது ஆகியவை சிகிச்சைக் கணக்கில் சேர்வதில்லை. முதுமையில் ஆண்டுக்கணக்கில் தேவைப்படுபவை இவைதாம். இந்த இடைவெளியை மெடிகெய்ட் நிரப்புகிறது. பராமரிப்பு இல்லங்களில் இருப்போருள் பத்தில் ஆறு பேருக்கு முதன்மையாகக் கட்டணம் செலுத்துவது அதுவே. ஏழைகளுக்கென்று வகுத்த திட்டம், நடுத்தர வர்க்கத்தின் கடைசிப் புகலிடமாகிவிட்டது.

கணக்கில் சேரும் சொத்தும் சேராத சொத்தும்

பெரும்பாலான மாநிலங்களில் தனியொருவர் மெடிகெய்டின் கீழ் பராமரிப்பு இல்லச் செலவைப் பெற, அவருடைய கணக்கில் சேரும் சொத்து 2,000 டாலருக்கு மேல் இருக்கக் கூடாது. இந்த வரம்பு 1989இல் நிலைபெற்றது; விலைவாசி உயர்ந்தும் அது உயரவில்லை. சில மாநிலங்கள் தாராளம் காட்டுகின்றன. கலிபோர்னியா 2022இல் வரம்பை 1,30,000 டாலராக உயர்த்தி, 2024 ஜனவரியில் அடியோடு நீக்கியது; நிதி நெருக்கடி வந்ததும் 2026 ஜனவரி முதல் அதே 1,30,000 டாலர் வரம்பை மீண்டும் கொண்டுவந்தது.

வங்கி வைப்பு, பங்குகள், இரண்டாவது வீடு போன்றவை கணக்கில் சேரும். ஒரு கார், வீட்டுப் பொருட்கள், திரும்பப் பெற முடியாத வகையில் முன்கூட்டியே கட்டிய ஈமச்சடங்குச் செலவு ஆகியவை சேரா. குடியிருக்கும் வீடும், திரும்பிவரும் எண்ணம் இருப்பதாக உரியவர் தெரிவித்தால், ஒரு வரம்புக்குள் சேராது. கடன் போக வீட்டின் மதிப்புக்கு 2025இல் மாநிலத்தைப் பொறுத்து 7,30,000 முதல் 10,97,000 டாலர்வரை அனுமதி இருந்தது. கணவனோ மனைவியோ அவ்வீட்டில் வசித்தால் இந்த வரம்பும் இல்லை.

வருமானத்துக்குத் தனி விதி. ஓய்வூதியம், சமூகப் பாதுகாப்புத் தொகை ஆகியவற்றில் கைச்செலவுக்கென்று ஒரு சிறு தொகை போக மீதி இல்லத்துக்குச் செல்கிறது. ஒன்றியச் சட்டம் உறுதிசெய்யும் குறைந்தபட்சக் கைச்செலவு மாதம் 30 டாலர். முடிவெட்டவும் துணி வாங்கவும் தொலைபேசிக்கும் பேரப்பிள்ளைக்குப் பரிசளிக்கவும் அவ்வளவுதான்.

வீட்டில் இருக்கும் துணைவர்

1988க்கு முன், கணவர் இல்லத்தில் சேர்ந்தால் வீட்டிலிருக்கும் மனைவி ஏறத்தாழ வறியவராகும் நிலை இருந்தது. அவ்வாண்டு இயற்றப்பட்ட மெடிகேர் பேரிடர்ச் செலவுக் காப்புச் சட்டம் அதை மாற்றியது. கூடுதல் கட்டணத்தை எதிர்த்து முதியோரே கிளர்ந்ததால் அச்சட்டத்தின் பெரும்பகுதி மறு ஆண்டே நீக்கப்பட்டது. துணைவரைக் காக்கும் பிரிவுகள் மட்டும் நிலைத்தன.

இதன்படி தம்பதியரின் சொத்து யார் பெயரில் இருந்தாலும் ஒன்றாகக் கூட்டப்படும். பல மாநிலங்களில் அதில் பாதி வீட்டிலிருப்பவருக்கு. ஆனால் 2025 கணக்கில் அது 31,584 டாலருக்குக் குறையாது, 1,57,920 டாலரைத் தாண்டாது. தம்பதியரிடம் 50,000 டாலர் இருந்தால் மனைவிக்குப் பாதியல்ல, 31,584 டாலர் கிடைக்கும். 2,00,000 டாலர் இருந்தால் சரிபாதி. 5,00,000 டாலர் இருந்தால் பாதியான 2,50,000 அல்ல, 1,57,920 டாலர் மட்டுமே. மீதி கரைய வேண்டும். வேறு சில மாநிலங்கள் பாதிக் கணக்குப் பாராமல் உச்சவரம்புவரை விட்டுக்கொடுக்கின்றன. இவ்வாறு ஒரே சொத்துள்ள இரு குடும்பங்கள், மாநில எல்லைக்கு இப்புறமும் அப்புறமும் வெவ்வேறு கதிக்கு உள்ளாகின்றன.

ஐந்தாண்டு விதி

பிள்ளைகள் பெயருக்குச் சொத்தை எழுதிவைத்துவிட்டு மறுநாளே உதவி கோருவதைத் தடுக்கவே பின்னோக்கு ஆய்வுக்காலம் வந்தது. விண்ணப்பத்துக்கு முந்தைய குறிப்பிட்ட காலத்தில் உரிய விலையின்றிக் கைமாற்றியவை அனைத்தும் ஆராயப்படும். 1988இல் 30 மாதமாக இருந்த இக்காலம் 1993இல் 36 மாதமாகவும், 2006 பிப்ரவரியில் கையெழுத்தான பற்றாக்குறைக் குறைப்புச் சட்டத்தால் 60 மாதமாகவும் நீண்டது. கைமாற்றிய தொகையை அம்மாநிலத்தின் சராசரி மாதக் கட்டணத்தால் வகுத்தால் எத்தனை மாதம் வருகிறதோ, அத்தனை மாதம் உதவி கிடைக்காது. இது தண்டக்காலம்.

கால அளவு நீண்டதைவிடப் பெரிய மாற்றம், தண்டக்காலம் எப்போது தொடங்கும் என்பதில் நேர்ந்தது. ஒரு விதவையிடம் 2,00,000 டாலர் இருப்பதாகவும், மாநிலச் சராசரி மாதக் கட்டணம் 10,000 டாலர் என்றும் கொள்வோம். அவர் இல்லத்தில் சேரும் தறுவாயில் 1,00,000 டாலரை மகளுக்குக் கொடுக்கிறார். தண்டம் பத்து மாதம். பழைய விதியில் தண்டக்காலம் கொடை நிகழ்ந்தவுடன் தொடங்கும். மீதி 1,00,000 டாலரைக் கொண்டு பத்து மாதக் கட்டணத்தைக் கட்டுவார். பணமும் தண்டமும் ஒன்றாகத் தீரும். பதினோராம் மாதம் அரசு ஏற்கும். மகளிடம் பாதி மிஞ்சும். புதிய விதியில் அவர் இல்லத்தில் இருந்து, கையில் 2,000 டாலருக்குக் குறைவாகி, விண்ணப்பித்த பிறகே தண்டக்காலம் ஓடத் தொடங்கும். பத்து மாதம் கட்டித் தீர்த்து வெறுங்கையோடு நிற்கும்போது, மேலும் பத்து மாதத்துக்கு உதவி மறுக்கப்படும். மகள் திருப்பித் தரவில்லையென்றால் கட்ட ஆளில்லை. பேரனின் கல்லூரிக் கட்டணத்துக்கும் மகனின் கடனுக்கும் உள்நோக்கமின்றிக் கொடுத்த பணத்துக்கும் இதே கணக்குத்தான். வேறு காரணத்துக்காகவே கொடுத்தது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு முதியவருடையது.

தண்டனைச் சட்டத்தையும் நாடாளுமன்றம் முயன்று பார்த்தது. 1996இல் இத்தகைய கைமாற்றத்தைக் குற்றமாக்கியது. முதியோரைச் சிறையிலடைப்பதா என்று எதிர்ப்பு எழவே, 1997இல் முதியோரை விட்டுவிட்டு, கட்டணம் பெற்று ஆலோசனை சொல்பவர்மீது குற்றத்தைத் திருப்பியது. நியூயார்க் மாநில வழக்கறிஞர் சங்கம் வழக்குத் தொடுத்தது. சட்டப்படி செய்யக்கூடிய ஒன்றைப் பற்றிய ஆலோசனையைக் குற்றமாக்குவது பேச்சுரிமைக்கு முரண் என்ற வாதத்தை ஏற்று, 1998இல் ஒன்றிய நீதிமன்றம் அப்பிரிவைச் செயல்படுத்தத் தடைவிதித்தது.

சட்டம் அனுமதிக்கும் வழிகள்

விதிவிலக்குகள் சட்டத்திலேயே உள்ளன. துணைவருக்கும், பார்வையற்ற அல்லது மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கும் செய்யும் கைமாற்றத்துக்குத் தண்டம் இல்லை. பெற்றோர் இல்லத்தில் சேர்வதற்கு முன் இரண்டாண்டு அவர்களுடன் அவ்வீட்டில் வசித்து, தம் பராமரிப்பால் அச்சேர்க்கையைத் தள்ளிப்போட்ட மகனுக்கோ மகளுக்கோ வீட்டை எழுதிக்கொடுக்கலாம். வேலையை விட்டுவிட்டுத் தாயைப் பார்த்துக்கொண்ட மகளின் உழைப்பைச் சட்டம் மதிக்கும் அரிய இடம் இது. ஆனால் மருத்துவர் சான்றும் வசிப்பிட ஆவணங்களும் இல்லாமல் உரிமை நிலைக்காது.

திரும்பப் பெற முடியாத அறக்கட்டளையில் சொத்தை வைத்து, அதன் மூலதனத்தைத் தொடும் உரிமையை விட்டுக்கொடுத்தவருக்கு, ஐந்தாண்டு கழிந்தபின் அச்சொத்து கணக்கில் சேராது. நினைத்தபோது திரும்பப் பெறக்கூடிய அறக்கட்டளை எந்தப் பாதுகாப்பும் தராது. பலர் ஏமாறுவது இங்கேதான். ஆயுட்கால அனுபவ உரிமையைத் தம்மிடம் வைத்துக்கொண்டு வீட்டைப் பிள்ளைக்கு எழுதுவது இன்னொரு வழி. நேரடிக் கொடையில் பெற்றோர் வாங்கிய பழைய விலையே பிள்ளைக்கு அடக்கவிலையாகும். விற்கும்போது மூலதன ஆதாய வரி கூடும். அனுபவ உரிமை வைத்து எழுதினால் பெற்றோர் இறந்த நாளின் மதிப்பே அடக்கவிலையாகும். இதற்கும் ஐந்தாண்டு கழிய வேண்டும்.

நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டை ஊக்குவிக்க 1990களின் தொடக்கத்தில் கலிபோர்னியா, கனெக்டிகட், இந்தியானா, நியூயார்க் மாநிலங்கள் கூட்டுத் திட்டமொன்றைத் தொடங்கின. 2006 சட்டம் அதைப் பிற மாநிலங்களுக்கும் திறந்துவிட்டது. பொதுவான வடிவில், காப்பீடு எவ்வளவு கட்டியதோ அவ்வளவு சொத்து காக்கப்படும். ஆனால் ஏற்கெனவே நோயுற்றவருக்குக் காப்பீடு கிடைப்பதில்லை. முதிய வயதில் சேர்ந்தால் கட்டணம் கட்டுபடியாவதில்லை.

இறப்புக்குப் பின் மீட்பு

வாழும்போது விலக்களித்த வீட்டைச் சட்டம் இறப்புக்குப் பின் தேடிவருகிறது. 55 வயது முதல் பெற்ற பராமரிப்புச் செலவை இறந்தவரின் சொத்திலிருந்து மீட்பதை 1993ஆம் ஆண்டுச் சட்டம் மாநிலங்களுக்குக் கட்டாயமாக்கியது. துணைவர் உயிரோடிருக்கும்வரையும், 21 வயது நிரம்பாத பிள்ளையோ பார்வையற்ற, மாற்றுத்திறனாளிப் பிள்ளையோ இருக்கும்வரையும் மீட்க முடியாது. இந்தக் கட்டாயத்தை எதிர்த்து மேற்கு வர்ஜீனியா மாநில அரசே வழக்காடி 2002இல் தோற்றது.

2019 நிதியாண்டில் நாடு முழுவதும் இவ்வாறு மீண்டது சுமார் 73 கோடி டாலர். நீண்டகாலப் பராமரிப்புக்காக மெடிகெய்ட் செலவிடுவதில் இது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை வழங்கும் மெடிகெய்ட் ஆணையம் 2021இல், மீட்பை மாநிலங்களின் விருப்பத்துக்கு விடலாம் என்று பரிந்துரைத்தது. திரும்பப் பெற முடியாத அறக்கட்டளை அமைத்தவரின் வீடு மீட்புக்கு எட்டுவதில்லை. ஆலோசனையின்றித் தம் பெயரிலேயே வைத்திருந்தவரின் எளிய வீடு எட்டிவிடுகிறது.

பிள்ளைகள்மீது நேரடிப் பொறுப்பு விழுவதும் உண்டு. பெற்றோரைப் பேணும் கடமையைப் பல மாநிலச் சட்டங்கள் இன்றும் பிள்ளைகள்மேல் சுமத்துகின்றன. அவை பெரும்பாலும் ஏட்டளவில் கிடக்கின்றன. பென்சில்வேனியாவில் 2012இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தாயின் இல்லக் கட்டணம் சுமார் 93,000 டாலரை மகனிடமிருந்து பெற அனுமதித்தது. தாயின் மெடிகெய்ட் விண்ணப்பம் அப்போது முடிவாகாமல் இருந்தது. அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை என்றது நீதிமன்றம்.

எதிர்வாதமும் மதிப்பீடும்

ஏழைகளுக்கான திட்டத்தைக் கொண்டு வசதியுள்ளோரின் வாரிசுரிமையைக் காப்பது வரிசெலுத்துவோருக்கு இழைக்கும் அநீதி என்பது எதிர்வாதம். கொள்கையளவில் அது வலுவானது. ஆனால் அது கற்பிக்கும் அளவில் முறைகேடு நிகழ்வதாகச் சான்றுகள் காட்டவில்லை. ஒன்றிய அரசின் தணிக்கை அலுவலகம் மூன்று மாநில விண்ணப்பங்களை ஆராய்ந்து 2007இல் தந்த அறிக்கையில், ஏற்கப்பட்டவர்களுள் ஏறத்தாழ பத்தில் ஒருவரே உரிய விலையின்றிச் சொத்தைக் கைமாற்றியிருந்தார். கைமாற்றியதன் இடைநிலை அளவு சுமார் 15,000 டாலர். சில மாதக் கட்டணத்துக்கு மேற்படாத தொகை அது.

விதிகளை மேலும் இறுக்குவதால் நேர்வதையும் கருத வேண்டும். ஆய்வுக்காலம் நீளும்போது, திட்டமிட்டுக் கைமாற்றுபவர் மேலும் முன்னதாகக் கைமாற்றுகிறார். திடீரெனப் பக்கவாதம் வந்தவரால் அப்படிச் செய்ய முடிவதில்லை. 2025ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டு மதிப்பின் உச்சவரம்பை 2028 முதல் 10 லட்சம் டாலரில் நிறுத்துகிறது. விலைவாசிக்கேற்ப அது உயராது. இதுவும் அதே திசையிலான நகர்வு.

மாற்று வழி வேறிடங்களில் நடைமுறையில் உள்ளது. ஜெர்மனி 1995இலும் ஜப்பான் 2000இலும் பராமரிப்புச் செலவைக் கட்டாயச் சமூகக் காப்பீட்டுக்குள் கொண்டுவந்தன. பயனாளர் பங்கு அங்கும் உண்டு. ஆனால் உதவி பெறச் சொத்தைக் கரைக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் 2010இல் இயற்றப்பட்ட விருப்பக் காப்பீட்டுத் திட்டம் தொடங்காமலேயே 2013இல் நீக்கப்பட்டது. வாஷிங்டன் மாநிலம் 2023 ஜூலை முதல் ஊதியத்தில் 0.58 விழுக்காடு பிடித்து, ஆயுளுக்கு 36,500 டாலர்வரை தரும் திட்டத்தை நடத்துகிறது. 2024ஆம் ஆண்டுக் கட்டணத்தில் இத்தொகை இருவர் தங்கும் அறையில் நான்கு மாதத்துக்குக்கூடப் போதாது. ஆயினும் இடரைப் பலர் பகிர்ந்துகொள்ளும் கொள்கையை ஏற்ற முதல் மாநிலம் அது.

யாருக்கு மறதிநோய் வரும், யார் எத்தனை ஆண்டு படுக்கையில் கிடப்பார் என்பதை எவரும் முன்னறிய முடியாது. முன்னறிய முடியாத பெருஞ்செலவுக்கு ஏற்ற கருவி காப்பீடே. அதைத் தனிக் குடும்பத்தின் தலையில் சுமத்தியபின், அக்குடும்பம் தன் வீட்டைக் காக்க முனைவதைக் குற்றமாகப் பார்ப்பதில் நியாயமில்லை. சொத்துப் பாதுகாப்புத் திட்டமிடல் நோயன்று, அறிகுறி. ஆய்வுக்காலத்தை நீட்டுவதாலும் இறந்தவரின் வீட்டை மீட்பதாலும் அது நீங்காது. பராமரிப்பைப் பொதுக் காப்பீட்டுக்குள் கொண்டுவந்தால் மட்டுமே அதற்கான தேவை குறையும்.