அழுக்கு செய்த வேலை

1800ல் லண்டனில் நிக்கல்சனும் கார்லைலும் வோல்டாவின் மின்கலத்திலிருந்து இரண்டு பித்தளைக் கம்பிகளைத் தண்ணீருக்குள் விட்டார்கள். ஒன்றில் ஹைட்ரஜன் குமிழியிட்டது. மற்றது அரித்துப்போனது. பிளாட்டினத்துக்கு மாறிய பிறகுதான் ஆக்சிஜனும் வந்தது. தண்ணீரைப் பிளக்கக் காஸ்ட்லியான உலோகம் வேண்டும் என்கிற கதை அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

ஆலைகள் வேறு வழி கண்டுபிடித்தன. காரக் கரைசலில் நிக்கல் தாக்குப்பிடிக்கும், விலையும் பிளாட்டினத்தைவிடப் பல மடங்கு சல்லிசு. ஆனால் அந்த நிக்கல் எப்படி வேலை செய்கிறது?

இந்த வரலாற்றில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். கரைசலில் மாசாகக் கலந்திருக்கும் துளி இரும்புதான் நிக்கல் ஆக்சைடில் ஆக்சிஜன் எளிதாக வெளிவர உதவுகிறது என்று 1987ல் டென்னிஸ் காரிகன் காட்டினார். இரும்பைச் சுத்தமாக நீக்கினால் நிக்கல் மந்தமாகிவிடுகிறது. அழுக்கு என்று ஒதுக்கியதுதான் பாதி வேலையைச் செய்துகொண்டிருந்திருக்கிறது! நம்ம கோடில் யார் எழுதினார்கள் என்றே தெரியாத, எடுத்தால் எல்லாம் படுத்துவிடுகிற வரி மாதிரி.

அமிலச் சூழலில் இயங்கும் கருவிகளுக்கு இன்னமும் இரிடியம் தேவைப்படுகிறது. உலகம் முழுக்கத் தோண்டினாலும் அது வருடத்துக்குச் சில டன்தான் தேறும். அதை நம்பி ஒரு உலகத்துக்கே எரிபொருள் தயாரிக்க முடியாது. இரும்பு அப்படியில்லை, நம் காலடி மண்ணிலேயே கிடக்கிறது.