தூண்டிலின் புரி

அகநானூற்றின் 36ஆம் பாடலில் மதுரை நக்கீரர் காட்டும் வரால்மீன், இரும்புத் தூண்டிலின் இரையை விழுங்கிவிட்டு ஆம்பல் இலை கிழியவும் குவளை மலர்கள் சிதையவும் பாய்கிறது. வள்ளைக் கொடிகளைக் கலைக்கிறது. வேட்டுவன் இழுத்தால் வர மறுக்கிறது. கயிறிட்ட காளையின் சினம் அதற்கு உவமை. இப்பாடலை நாம் வகுப்பில் பலமுறை நடத்தியிருக்கிறோம். இரும்பு உண்டு, இரை உண்டு, வேட்டுவன் உண்டு. இருவருக்கும் இடையே அறாமல் நின்ற இழையைப் பற்றி மட்டும் ஒரு சொல்லும் இல்லை. பாடலில் வரும் ஒரே கயிறு காளைக்கு உரியது. நூலை நம்பிப் பிழைக்கும் நல்லூரில் இருந்துகொண்டு இதைப் படிக்கையில் அந்த மௌனம் சற்றே உறுத்துகிறது.

இழையைப் பற்றி வாய்திறந்த பழைய நூலொன்று இங்கிலாந்தில் 1496இல் அச்சேறியது. ஜூலியானா பெர்னர்ஸ் என்ற துறவியின் பெயரில் வழங்கும் அத்தூண்டில் நூல், குதிரைவால் மயிரைச் சாயமேற்றி முறுக்கும் முறையை விரிவாகச் சொல்கிறது. அயிரை போன்ற சிறுமீனுக்கு 1 மயிர், டிரவுட்டுக்கு 9, பெரிய டிரவுட்டுக்கு 12, சால்மனுக்கு 15 என்று கணக்கும் தருகிறது. மீனின் வலிமையைப் புரியின் எண்ணிக்கையால் அளந்த காலம் அது.

பின்னர் பட்டுப்புழு நரம்பு வந்தது. கூடு கட்டவிருக்கும் புழுவைக் காடியில் ஊறவைத்து, அதன் பட்டுச் சுரப்பியை இழுத்து நீட்டினால் ஒற்றை நரம்பு கிடைக்கும். முறுக்க வேண்டியதில்லை, துண்டுகளை முடிச்சிட்டால் போதும். நீலகிரி ஓடைகளில் டிரவுட்டை வளர்க்க 1863இல் பிரான்சிஸ் டே எடுத்த முயற்சி தோற்று, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச்.சி. வில்சனின் உழைப்பால் அம்மீன் அவலாஞ்சியில் நிலைத்தபோது, நடந்துகொண்டிருந்தது இந்த நரம்பின் காலமே. (அவலாஞ்சி நீர் குந்தா வழியாகப் பவானியைச் சேர்கிறது; திருப்பூரின் குடிநீர்க் குழாயில் வருவதும் பவானிதான்.) 1938இல் நைலான் அறிவிக்கப்பட்டதும் பட்டு நரம்பின் காலமும் முடியத் தொடங்கியது.

ஆயினும் முறுக்கு சாகவில்லை. இறகாலும் நூலாலும் கட்டிய பொய் ஈயை வீசி மீன்பிடிப்போர் சிலர், நூலை முறுக்கிய நுனிக்கயிற்றுக்கு மீண்டும் திரும்பினர். எடையற்ற ஈயைக் கல்லைப்போல எறிய இயலாது. எறியப்படுவது தடித்த கயிறுதான். அதன் விசை படிப்படியாக மெலிந்து ஈயைச் சென்றடைய வேண்டும். அவ்விரண்டுக்கும் நடுவில் நிற்பது இந்த நுனிக்கயிறு, லீடர் என்பர்.

செய்முறை எளிது. பலகையில் முளைகள் அடித்து, நூலை அவற்றினூடே ஓட்டி இரண்டு கற்றைகளாக்குகிறார்கள். முளைக்கு முளை இழைகள் குறைவதால் ஒருமுனை தடித்தும் மறுமுனை மெலிந்தும் அமைகிறது. இரு கற்றைகளையும் ஒரே திசையில் இறுக முறுக்கி, முனைகளைச் சேர்த்து விட்டுவிட்டால், அவிழத் துடிக்கும் முறுக்கே இரண்டையும் எதிர்த்திசையில் பிணைத்துவிடும். ஒன்றின் அவிழ்வை மற்றது தடுக்கிறது. பிறகு மெழுகு தடவ வேண்டும். நூல் நீரைக் குடித்தால் வீச்சில் திவலை தெறித்து மீன் கலைந்துவிடும். மெல்லிய முனையில் நைலான் துண்டொன்றைக் கட்டி அதில் ஈயை முடிவார்கள்.

இதைப் பழங்கலையின் மறுபிறப்பென்று வியப்போர் உண்டு. நமக்கு அவ்வளவு வியப்பில்லை. ஒற்றை இழையில் பின்னிய பனியன் துணியைத் துவைத்தால் பக்கத் தையல் வயிற்றுப் பக்கம் திரும்பி வருவதை இவ்வூரில் யார்தான் கண்டதில்லை? துணையில்லாத முறுக்கு செய்யும் வேலை அது. அதே பனியனைத் தைக்கப் பவர் டேபிளில் ஓடும் கோன் நூலோ இரண்டு மூன்று இழைகளை எதிர்முறுக்கில் சேர்த்தது, அது திரும்புவதில்லை. நக்கீரரின் வேட்டுவனுக்குத் தூண்டில் நூல் திரித்துக் கொடுத்த கையும் இந்த எதிர்முறுக்கை அறிந்த கையாகத்தான் இருந்திருக்க வேண்டும். வெறும் ஒற்றை முறுக்கு அந்த வராலின் முதல் துள்ளலிலேயே அவிழ்ந்துபோயிருக்கும்.