குடல் மதுவமும் மருந்தின் அளவறிதலும்

1948ஆம் ஆண்டிலே ஓரியோமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி வெளிவந்தது. அதனைக் கண்டவர் பெஞ்சமின் டக்கர். அவர் பணியாற்றிய அமெரிக்க லெடர்லி ஆய்வுகூடத்தின் ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கியவர் சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். பலவகைப் பற்றீரியாக்களை ஒருங்கே ஒடுக்கும் ஆற்றல் இம்மருந்திற்கும் இதன் இனமாகிய தெற்றாசைக்கிளீனுக்கும் உண்டு. அவ்வாற்றலே ஒரு தீங்கிற்கும் வாயிலாயிற்று.

நம் குடலிலே கண்டிடா என்னும் மதுவம் சிறிதளவில் வாழ்கின்றது. உடன்வாழும் பற்றீரியாக்கள் அதனை அடக்கி வைத்திருக்கின்றன. மருந்தினால் அவை மடியவே, மதுவம் தடையின்றிப் பெருகுகின்றது. உடல்நலமுடையார்க்கு இது பெரும்பாலும் தானே தணியும். மெலிந்தோர்க்கும் சிசுக்களுக்கும் துன்பம் தரலாம்.

இதற்கு மாற்றுக் கண்டவர் இரு பெண்மணிகள். நியூயோர்க் மாநிலச் சுகாதாரப் பகுதியைச் சேர்ந்த எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுண் ஆகியோர், மண்ணில் வாழும் நுண்ணுயிரொன்றிலிருந்து 1950இல் நிஸ்டாற்றினைப் பெற்றனர். அம்மாநிலத்தின் பெயரே மருந்தின் பெயருமாயிற்று. குடலில் உறிஞ்சப்படாது அங்கேயே நின்று மதுவத்தை அழிப்பது அதன் சிறப்பு. கிடைத்த உரிமைப் பணத்தை அவ்விருவரும் ஆராய்ச்சிக்கே ஈந்தனர்.

பின்னர், தெற்றாசைக்கிளீனோடு நிஸ்டாற்றினையும் சேர்த்து விற்கும் வழக்கம் எழுந்தது. எல்லார்க்கும் இரண்டும் வேண்டுமோ? 1960களின் இறுதியில் அமெரிக்கத் தேசிய விஞ்ஞானக் கழகத்தின் அறிஞர்கள் ஆராய்ந்து, இத்தகைய கூட்டு மருந்துகளுக்குப் போதிய சான்றில்லை எனக் கண்டனர். ஒரு மருந்தின் கேட்டினை மற்றொரு மருந்தால் முன்கூட்டியே தடுக்கும் முயற்சி இவ்வாறு தளர்ந்தது.

எஞ்சிய வழி, வேண்டாதபோது நுண்ணுயிர்க்கொல்லியை வழங்காமையே. இந்நெறியை இலங்கையில் நிலைநாட்ட உழைத்தவர் பேராசிரியர் சேனக பிபிலே. ஊவாவின் பிபிலைக் குடும்பத்தைச் சேர்ந்த அவரது முயற்சியால் 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியது. இரண்டாயிரத்திற்கு மேற்பட்டிருந்த மருந்துகள் ஏறத்தாழ 600 ஆகச் சுருக்கப்பட்டன.

பதுளை, பசறை, அப்புத்தளைத் தோட்டங்களில் வாழும் நமக்கு இவ்வரலாறு புறக்கதையன்று. லயத்திலே குழந்தைக்குக் காய்ச்சல் கண்டதும், அயல்வீட்டில் எஞ்சிய குளிசையைக் கொடுத்தல் ஆகாது. வைரசுக் காய்ச்சலை அது தீர்க்காது. குடலின் சமநிலையையோ குலைக்கும். மருத்துவர் தேர்ந்து தந்ததை மதுவத்திற்கு அஞ்சி இடையில் விடுதலும் தவறே. அளவறிந்து உண்பதே உணவிற்கும் மருந்திற்கும் பொது விதியாகும்.