துணிக்குள் இறங்காத நூல்

கட்ச் ஒர்க் போட்ட ரவிக்கையைப் பார்த்திருப்பீர்கள். முதலில் ஊசி துணியில் இறங்கி, குறுக்கும் மறுக்குமாக ஒரு சட்டம் கட்டும். அடுத்து வரும் நூல் துணியைக் குத்துவதே இல்லை. அந்தச் சட்டத்தின் மேலும் கீழும் நுழைந்து, பாய் முடைவதுபோல் பின்னிக்கொண்டே போகும். ஆங்கிலத் தையல் புத்தகங்களில் இதற்கு ‘மால்டீஸ் கிராஸ்’ என்று பெயர். ஆர்மீனியர்களுக்கோ இது மராஷ் வேலை. மராஷ் இன்று தெற்குத் துருக்கியில் இருக்கிறது.

மராஷ் எங்கே, கட்ச் எங்கே! ஆர்மீனிய வணிகர்களின் மூட்டையோடு இந்தத் தையல் இந்தியா வந்தது என்றொரு கருத்து உண்டு. அவர்கள் போகாத துறைமுகம் ஏது? 1604-05இல் பாரசீக மன்னர் ஷா அப்பாஸ், ஜூல்ஃபா நகரத்து ஆர்மீனியர்களைக் கூண்டோடு பெயர்த்து இஸ்ஃபஹானில் குடியேற்றினார். ஊரை இழந்தவர்கள் வணிகத்தைப் பிடித்துக்கொண்டு சூரத், சென்னை, மணிலா, ஆம்ஸ்டர்டாம் என்று பரவினார்கள். சென்னையில் அவர்கள் வாழ்ந்த ஆர்மீனியன் தெரு நம் வாயில் ‘அரண்மனைக்காரன் தெரு’ ஆனது. 1772இல் கட்டிய அவர்களின் தேவாலயம் இன்னும் அங்கே நிற்கிறது.

பிறகு ஆர்மீனியப் பெண்களின் ஊசிவேலை வயிற்றுப்பாடாக மாறியது. 1895இல், இன்றைய துருக்கியில் உள்ள உர்ஃபாவில் ஆர்மீனியர்கள் கொன்று குவிக்கப்பட்டபோது, அங்கிருந்த அமெரிக்க மிஷனரி கொரின்னா ஷட்டக் விதவைகளைத் திரட்டிப் பூவேலைத் தொழில் தொடங்கினார். அவர்கள் தைத்த கைக்குட்டைகள் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பலேறின. பக்கத்து ஐன்தாப் நகரப் பெண்களின் கைவரிசை வேறு: வெள்ளைத் துணியில் இழைகளை உருவி, அந்த இடைவெளியில் வெள்ளை நூலாலேயே கோலம் கட்டுவார்கள். அந்த ஊர் இன்று காஸியான்டெப். வேலைக்குப் பெயர் ‘ஆன்டெப் வேலை’. ஊர்ப்பெயர் தங்கிவிட்டது, தைத்தவர்களின் பெயர் உதிர்ந்துவிட்டது. எனக்கு இது பொறுக்கவில்லை.

ஒட்டோமான் அரசு நடத்திய 1915இன் இனப்படுகொலைக்குத் தப்பி மராஷ் திரும்பியவர்களுக்கு, நகரைப் பிடித்து வைத்திருந்த பிரெஞ்சுப் படை 1920 பிப்ரவரியில் இரவோடிரவாக விலகியதும் மீண்டும் ஓட்டம். கொட்டும் பனியில் வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். அந்த ஆண்டுகளில் ‘நியர் ஈஸ்ட் ரிலீஃப்’ என்ற அமெரிக்க நிவாரண அமைப்பு வீடுவீடாகப் பழைய துணி திரட்டி அனுப்பியது. அகதிப் பெண்கள் அவற்றைப் பிரித்து வெட்டி, அனாதைக் குழந்தைகளுக்கு உடுப்பாக்கினார்கள். பழையதைப் புதுக்குவது அன்று பிழைப்பு. பெய்ரூட்டின் புர்ஜ் ஹம்மூதில் குடிசை போட்டவர்கள் தங்கள் பகுதிக்கு ‘நோர் மராஷ்’, புது மராஷ், என்றே பெயர் வைத்தார்கள்.

அவர்களின் பேரர் தலைமுறைக்குக் கிடைத்த துணி பழைய ஜீன்ஸ் ஜாக்கெட். தடித்த டெனிமில் பூவேலை விரலை ஒடிக்கும், உண்மைதான். ஆனால் மராஷ் தையலில் துணியைக் குத்துவது சட்டம் கட்டும்வரைதான். அதன்பின் மொட்டை ஊசியே போதும், நூல் மேலோடு ஓடிவிடும். நைந்த முழங்கை, கறை படிந்த பை எதுவானாலும் மேலே ஒரு சிலுவைப்பூ உட்கார்ந்துகொள்ளும். உள்பக்கம் திருப்பிப் பாருங்கள்: வரிசையாகச் சில சின்னக் கோடுகள் மட்டுமே தெரியும், பூவின் சுவடே இருக்காது.