திதாஸ் வற்றிய கதை

கிழக்கு வங்காளத்துத் திதாஸ் நதிக்கரையில், பிராமண்பாரியாவை அடுத்த கோகர்ணகாட்டில், மாலோ என்னும் செம்படவர் குலத்தில் 1914-இல் ஜனித்த அத்வைத மல்லபர்மன், கல்கத்தாவில் பத்திரிகைத் தொழிலில் ஜீவித்து, க்ஷயரோகத்தால் 1951-இல் காலமானார். தம் ஜனங்களைக் குறித்து அவர் எழுதிவைத்த நாவல் 1956-இல்தான் புத்தகமாயிற்று. அதனை, டாக்காவில் பிறந்து கல்கத்தாவாசியான ரித்விக் கட்டக், பங்களாதேசம் சென்று திரைப்படமாக்கினார்; படம் 1973-இல் வெளிவந்தது.

கதையில், நதி தூர்ந்து மணல் மேடிட, மேட்டு நிலத்தை உழவர் கைக்கொள்ள, வலையன்றி வேறொன்றறியாத மாலோக்கள் சிதறுகின்றனர். படத்தின் முடிவில் மாலோ குலப் பெண்ணான வாசந்தி, வறண்ட ஆற்றுப்படுகையைக் கையால் தோண்டி, ஊறிய நீரைப் பருகி, நெற்பயிரினூடே இலைக்குழல் ஊதியவாறு ஓடிவரும் சிறுவன் மனக்கண்ணில் தோன்ற, புன்முறுவலுடன் பிராணனை விடுகிறாள்.

அம்முடிவை வெறும் சோகமென்று தள்ளுதல் நியாயமன்று. ஆறு கைவிட்ட இடத்தில் கழனி விளைகிறது. ஆனால் நிலத்துக்குப் பட்டா கொடுக்கும் உலகம், நீரையே நம்பி வாழ்ந்தவனுக்கு எவ்விதப் பாத்தியதையும் எழுதித் தருவதில்லை. ஒரு தொழிலின் அஸ்தமனத்தையும் மற்றொன்றின் உதயத்தையும் ஒரே காட்சியில் பக்ஷபாதமின்றி வைத்ததே கட்டக்கின் சிறப்பு.