சுரம் கடந்த கால்கள்

பழந்தமிழர் நிலத்தை ஐந்தாகப் பகுத்தனர் என்பது யாவரும் இளமையிலேயே கற்ற செய்தி. ஆயினும் அவ்வைந்தனுள் பாலைக்கு மட்டும் தனக்கெனத் தனி நிலம் இல்லை என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. மலையும் காடும் வேனிலின் வெம்மையால் தம் இயல்பு கெட்டு வறண்டு நிற்கும்போது அந்நிலையே பாலை எனப் பெயர் பெறும். சிலப்பதிகாரத்துக் காடுகாண் காதை இதனைத் தெளிவுபட உரைக்கிறது. எனவே மணற்பரப்பைக் கண்ணால் காணாத தமிழனுக்கும் பாலை உண்டு. குறிஞ்சிக்குப் பேர்போன ஏலமலையின் கீழைச் சரிவுகளில் மாசி, பங்குனித் திங்களில் புல்லெல்லாம் காய்ந்து பழுப்பேறி நிற்கும் காட்சியைக் கண்டவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

அக்காலத் தலைவன் பொருள் தேடிச் சுரம் கடந்தான். இன்பம் கருதிப் பாலை புகுந்தவன் நம் இலக்கியத்தில் இல்லை. இன்றோ உலகெங்கும் மக்கள் பணம் கட்டிப் பெயர் பதிந்து பாலையில் ஓடுகின்றனர். மலையில் மிதிவண்டி செலுத்துகின்றனர். இவ்விரு போக்கினரின் கால்களும் ஒரே பாதையில் படுவதுதான் வியப்பு. அப்பாதையை முதலில் மிதித்தவர் யார் என்னும் வினாவே இக்கட்டுரையின் பொருள்.

பாலை ஓட்டங்களுள் பெரும்புகழ் பெற்றது மொராக்கோ நாட்டுச் சகாராவில் நிகழ்வது. பாத்ரிக் பௌவர் என்னும் பிரெஞ்சுக்காரர் 1984-ஆம் ஆண்டில் தன்னந்தனியே ஏறத்தாழ 350 கிலோமீட்டர் மணலைக் கால்நடையாகக் கடந்தார். அப்பட்டறிவின் பயனாக 1986-இல் 23 பேருடன் தொடங்கிய ஓட்டம் நாளடைவில் உலகத்தவரை ஈர்த்தது. சற்றொப்ப 250 கிலோமீட்டர். உணவும் படுக்கையும் ஓடுபவர் முதுகிலேயே இருத்தல் வேண்டும். 1994-இல் மௌரோ புரோஸ்பெரி என்னும் இத்தாலிய வீரர் மணற்புயலில் வழி தவறினார். ஒன்பது நாட்களுக்குமேல் அலைந்து, எல்லை கடந்து அல்ஜீரியாவில் உயிருடன் மீண்டார். அவரைக் கண்டு காத்தவர்கள் ஆடு மேய்க்கும் நாடோடி மக்கள். ஓட்டத்தை நடத்தியவர்களின் வரைபடம் கைவிட்ட இடத்தில் அந்நிலத்து மக்களின் கண் கைகொடுத்தது என்பதை வாசகர் நினைவில் இருத்துக.

மலை மிதிவண்டிப் போட்டியின் தோற்றமும் சுவையானது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் தமல்பாயிஸ் என்னும் மலையையொட்டி 1976 அக்டோபர் 21-ஆம் நாள் இளைஞர் சிலர் பழைய மிதிவண்டிகளில் ஏறிச் சரிவில் இறங்கினர். ஒருமுறை இறங்குவதற்குள் பின்சக்கரத் தடையிலிருந்த மசகெல்லாம் எரிந்து புகையும். மறுபடி மசகு அடைத்த பின்னரே அடுத்த இறக்கம். அந்த அடைப்பு வேலையே அப்போட்டிக்குப் பெயராயிற்று. இருபதே ஆண்டுகளில், 1996-இல், அட்லாண்டா ஒலிம்பிக்கில் அவ்விளையாட்டு இடம்பெற்றது. இவர்கள் இறங்கிய வழி காட்டுத்தீயை அணைக்கச் செல்வோருக்காக அமைந்த பாதை. அதே மாநிலத்தில் 1974-இல் குதிரைப் பந்தயம் ஒன்றில் குதிரையின்றித் தன் காலாலேயே 100 மைல் ஓடி முடித்தார் கோர்டி ஐன்ஸ்லி. அவர் ஓடிய வழியோ பொன்னும் வெள்ளியும் தோண்டச் சென்ற சுரங்கத் தொழிலாளர் நடந்த வழி. ஆக, விளையாட்டுப் பாதை என நாம் காண்பது பெரும்பாலும் வேறொருவரின் வேலைப் பாதையே.

இக்கண்கொண்டு சாந்தன்பாறைப் பக்கம் நோக்குவோம். இடுக்கி மாவட்டத்து உடும்பன்சோலை வட்டத்தில், மூணாற்றிலிருந்து தேவிகுளம், பூப்பாறை வழியாகக் குமுளி நோக்கிச் செல்லும் சாலையில் உள்ளது இவ்வூர். கிழக்கே போடிமெட்டு, தெற்கே சதுரங்கப்பாறை. ‘மெட்டு’ என்பது மலையேற்றம் முடியும் முகட்டுக்கு இப்பகுதித் தமிழர் வழங்கும் சொல். போடிமெட்டு, சாக்குலூத்து மெட்டு, கம்பம் மெட்டு, இராமக்கல் மெட்டு என வரிசையாக நிற்கும் இப்பெயர்கள், கீழ்நாட்டு மக்கள் எவ்வெவ்வழியே மேலேறினர் என்பதற்குச் சான்று பகர்கின்றன. கல்வெட்டு இல்லாவிடினும் ஊர்ப்பெயர் பொய் சொல்லாது.

இவ்வழிகளை மிதித்தவருள் மூத்தோர் முதுவர் என்னும் பழங்குடியினர். மதுரையிலிருந்து தெய்வத்தையும் பிள்ளைகளையும் முதுகில் சுமந்து மலையேறியவர் தம் முன்னோர் என்பது அவர்தம் மரபுரை. அதனை வரலாறாகக் கொள்வதா கதையாகக் கொள்வதா என ஆய்வாளர் வாதிடலாம். மதுரைத் திசையிலிருந்து மலைமீது வழி ஒன்று இருந்தது என்னும் நினைவு அதனுள் பொதிந்திருப்பதை மறுத்தற்கில்லை. அவர்கள் பேசும் மொழியும் தமிழின் கிளையே.

அடுத்து வந்தது ஏலம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் திருவிதாங்கூர் அரசு ஏலக்காயைத் தன் தனியுரிமைப் பொருளாக வைத்திருந்தது. காட்டு நிழலில் அதனைப் பயிரிட்டும் பறித்தும் வந்தவர்களோ மிகுதியும் கம்பம் பள்ளத்தாக்குத் தமிழர். 1877-இல் ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர் பூஞ்ஞாற்று அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகையாகப் பெற்றார். அதன்பின் தேயிலையும் பெருகிற்று. கங்காணிகள் மதுரை, திருநெல்வேலி, இராமநாதபுரச் சீமைகளிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆள் சேர்த்து வந்தனர். போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு வரை மூவாயிரம் அடிக்கு மேற்பட்ட ஏற்றம். இன்றைய ஓட்டக்காரர் இதனை ஏறி முடித்தால் கழுத்தில் பதக்கம் அணிவிப்பர். அன்று கைக்குழந்தையும் சட்டிபானையுமாக ஏறிய பெண்ணுக்குக் கிடைத்தது மறுநாள் காலைப் பெரட்டு.

சுமையின் வரலாறும் தனியே சொல்லத்தக்கது. அரிசி மேலேற வேண்டும். தேயிலையும் ஏலமும் கீழிறங்க வேண்டும். பொதிமாடும் கழுதையும் தலைச்சுமையும் அதற்குப் பயன்பட்டன. 1902-இல் மூணாற்றிலிருந்து தேயிலை கொண்டுவர ஒற்றைத் தண்டவாள வண்டி அமைந்தது. அதன் ஒரு பக்கச் சக்கரம் தண்டவாளத்திலும் மறுபக்கச் சக்கரம் தரையிலும் உருள, மாடுகள் இழுத்தன. 1908-இல் அதன் இடத்தில் சிறு இரயில் ஓடிற்று. அது வந்து நின்ற முகடே இன்றும் டாப் ஸ்டேஷன் எனப்படுகிறது. அங்கிருந்து கம்பிவடத்தில் தேயிலைப் பெட்டிகள் மலையடிவாரத்துக்கு இறங்கிப் போடிக்குச் சென்றன. 1924 ஜூலையில் பெய்த பேய்மழை, கேரளத்தார் இன்றும் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ எனச் சொல்லும் அவ்வூழி, அந்த இரயில் பாதையைத் துடைத்தெடுத்தது. இரும்புப் பாதை மீளவேயில்லை. குரங்கணியிலிருந்து முகடு வரை சென்ற ஒற்றையடிப் பாதையோ எஞ்சி நின்றது. பொறியியல் தோற்ற இடத்தில் பாதம் வென்றது எனலாம்.

1928-இல் மதுரை–போடி இருப்புப்பாதை திறக்கப்பட்டது. மலைத்தோட்டங்களின் விளைவே அப்பாதைக்கு உயிர். போடி, ஏலத்தை ஏலம் விடும் ஊராகப் பெயர் பெற்றது. இச்சொல்விளையாட்டு அவ்வூராருக்குச் சலித்துப்போன ஒன்று. 1956 நவம்பர் 1-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைத் தமிழகத்தோடு சேர்க்க வேண்டும் என நேசமணி முதலியோர் நடத்திய போராட்டம் அவ்வளவில் பயன் தரவில்லை. மெட்டுகள் மாநில எல்லையாயின. அவ்வரசியலை விரிக்க இது இடமன்று. எல்லைக்கோடு வந்த பின்னரும் கூலிக்கு ஏறும் கால்கள் நிற்கவில்லை என்பது மட்டும் ஈண்டு வேண்டப்படும் செய்தி.

ஓட்டத்தையே தொழிலாகக் கொண்டவரும் திருவிதாங்கூரில் இருந்தனர். அந்நாட்டு அரசின் தபால் துறைக்கு ‘அஞ்சல்’ என்றே பெயர்; 1951-இல் அது இந்திய அஞ்சல் துறையோடு இணைந்தது. மணி கட்டிய கோலைக் கையிலேந்தி, கடிதப் பையைச் சுமந்து அஞ்சற்காரன் ஓடிவந்தால் எதிர்வருவோர் வழிவிட்டு ஒதுங்குவர். அவன் நேரம் தவறினால் தண்டனை உண்டு; விரைந்து வந்ததற்குக் கைதட்டல் இல்லை. அவன் தன் ஆயுளில் எத்தனை ஆயிரம் மைல் ஓடியிருப்பான் என எவரும் கணக்கு வைக்கவில்லை.

கணக்கில் ஏறிய கால்களும் இம்மலையில் உண்டு, அது மகிழத்தக்கது. சாந்தன்பாறைக்கு அண்மையதான இராஜாக்காட்டுப் பகுதியின் முல்லக்கானத்தில் பிறந்த பிரீஜா ஸ்ரீதரன் 2010-இல் குவாங்சோ ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். 5,000 மீட்டரில் வெள்ளியும் பெற்றார். அதே இடுக்கி மாவட்டத்துக் கொம்பொடிஞ்சால் ஊரினரான பீனாமோள் 2002-இல் பூசானில் 800 மீட்டர் தங்கம் வென்றபோது, அவர் தம்பி பினு ஆடவர் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். ஏற்றமும் இறக்கமுமான நிலத்தில் நடந்தே வளரும் பிள்ளைகளுக்கு நெஞ்சுரம் இயல்பாய் அமையும் என்று கூறுவோர் உளர். மலையில் பிறந்தவர் எல்லாரும் தங்கம் வெல்லவில்லை ஆதலின் பயிற்சியையும் வறுமையை வென்ற மனத்தையும் நான் முதலில் வைப்பேன்.

மலை மிதிவண்டியும் கேரளத்தில் கால் ஊன்றிவிட்டது. 2023 அக்டோபர் 26 முதல் 29 வரை ஆசிய மலை மிதிவண்டிப் போட்டி திருவனந்தபுரத்தையடுத்த பொன்முடியில் நடைபெற்றது. சாந்தன்பாறையின் அண்டையிலும் ஒரு பொன்முடி உண்டு, அது அணைக்கட்டு, இரண்டையும் மயங்கற்க. இத்தகைய போட்டிகள் ஏலமலைக்கு வருவதை வரவேற்பதா அஞ்சுவதா? வரவேற்கலாம் என்பதே என் கருத்து. ஆனால் வருவோர் முதலில் இரண்டு செய்திகளை அறிந்து வருதல் வேண்டும்.

முதலாவது தீ. 2018 மார்ச் 11-ஆம் நாள் சென்னையிலிருந்தும் கொங்கு நாட்டிலிருந்தும் வந்த இரு குழுவினர், முப்பதுக்கும் மேற்பட்டோர், கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்தனர். காய்ந்த புல்வெளியில் பரவிய தீ காற்றோடு சேர்ந்து அவர்களைச் சூழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்; பெரும்பாலோர் இளைஞர். முதலில் மேலேறிச் சென்று, பிழைத்தவரைப் போர்வைகளில் கிடத்திச் சுமந்து இறங்கியவருள் அம்மலையடி ஊர்மக்கள் முன்னின்றனர். குறிஞ்சி பாலையாகும் பருவம் அது என்பதை அவர்கள் புல்லின் நிறத்தைக் கொண்டே அறிவர். எப்பொழுதில் காற்று மேல்நோக்கி வீசும், எச்சரிவில் புல் ஆளுயரம் நிற்கும், எந்த ஓடையில் பங்குனியிலும் நீர் கசியும் என்பன அவர்தம் அன்றாட அறிவு. அவ்வறிவைக் கேட்டுப் பெறாத பயணம், வரைபடம் எவ்வளவு துல்லியமாயினும், கண்கட்டிய பயணமே. அந்நிகழ்ச்சிக்குப் பின் அவ்வாண்டே தமிழக அரசு மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் 40 வழிகளை வரையறுத்துத் திறந்தபோது பழங்குடி இளைஞரையும் வழிகாட்டிகளாகப் பயிற்றி அமர்த்தியது. சுமை தூக்கியவரின் பேரனுக்கு வழிகாட்டி என்னும் பெயரும் ஊதியமும் கிடைத்திருப்பது காலம் கடந்த நீதி, ஆயினும் நீதியே.

இரண்டாவது யானை. சாந்தன்பாறை ஊராட்சியைச் சார்ந்த பன்னியாற்றுத் தோட்டத்து நியாய விலைக் கடையைப் பலமுறை இடித்து அரிசி தின்ற ஆண்யானைக்கு மக்கள் இட்ட பெயர் அரிக்கொம்பன். 2023 ஏப்ரல் 29-இல் சின்னக்கானலில் மயக்க ஊசியிட்டு அதனைப் பிடித்துப் பெரியாற்றுக் காட்டில் விட்டனர். அது மேகமலை வழியாக நடந்து மே 27-இல் கம்பம் நகரத் தெருக்களில் ஓடிற்று, ஒருவர் உயிரிழந்தார். ஜூன் திங்களில் மீண்டும் பிடித்து முண்டந்துறைக் காட்டில் சேர்த்தனர். மாநில எல்லை யானைக்கும் தெரியாது. அதன் வழித்தடமும் மனிதன் ஓட விரும்பும் வழித்தடமும் இம்மலையில் பல இடங்களில் ஒன்றே. விடியற்பொழுதில் தலைவிளக்கு ஏந்தி ஓடுவது பாலைமணலில் அழகாக இருக்கலாம். ஆனையிறங்கல் எனப் பெயரிட்டு வைத்த முன்னோரின் எச்சரிக்கையைப் பெயர்ப்பலகையிலேனும் படித்துவிட்டு இங்கு ஓடுக.

கூட்டம் என்ன செய்யும் என்பதற்கும் சான்று உண்டு. 2022 அக்டோபரில் சாந்தன்பாறையைச் சேர்ந்த கள்ளிப்பாறைக் குன்றில் நீலக்குறிஞ்சி பூத்தது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூப்பதைக் காண மக்கள் வெள்ளம்போல் திரண்டனர். செடியைப் பிடுங்கினோரும் குப்பை எறிந்தோரும் அதனுள் இருந்தனர்.

இனி, இவ்வழிகள் யாருக்கு எவ்வாறு வேண்டும் என்பதிலேயே ஒரு முரண் உண்டு. ஓடுபவருக்குப் பாதை ஒற்றையடியாகக் கல்லும் வேருமாய் இருத்தலே இன்பம். கூலிக்குச் செல்பவருக்கோ அது சாலையாதல் வேண்டும். தேவாரத்து மக்கள் சாக்குலூத்து மெட்டுக்குச் சாலை கேட்டுப் பல்லாண்டுகளாக மனுக் கொடுத்து வந்துள்ளனர். வழி காட்டினூடே செல்வதால் வனச் சட்டம் குறுக்கே நிற்கிறது. நேரே ஏறினால் முகடு கூப்பிடு தொலைவில் தெரிகிறது. அவர்களோ விடியுமுன் எழுந்து, ஜீப்புகளில் நெருங்கி அமர்ந்து, போடிமெட்டையோ கம்பம் மெட்டையோ சுற்றிக்கொண்டு உடும்பன்சோலை ஏலத்தோட்டங்களுக்குச் சென்று, மாலையில் அவ்வாறே திரும்புகின்றனர்.